பன்னிரண்டு அடி

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. மலைமேலிருந்து பொக்லைன் ஓட்டுநர் முருகேசன் பேசினார்.

"மேடம், சடையண்ணன் போயிட்டாருங்க."

"எங்கே?" என்றேன்.

"வளைவுக் கருப்பன் சாமி கிட்டத்துலீங்க. கரண்டு கேபிளுல பக்கெட்டு பட்டுருச்சுங்க."

நான் அழவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். நான்கு நாட்களுக்கு முன் நான் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தைத் தேடி எடுத்தேன். அது கிடைத்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

சடையப்பன் அவர்களை, இந்த அஞ்சலிக் கட்டுரையைப் படிக்கும் நம்மில் பலர் அறிவோம். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மலைமேல் அரியூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியைச் சேர்ந்தவர். மரவள்ளிக்கிழங்குக் காட்டை மனைவி வெள்ளையம்மா பார்த்துக்கொள்ள, இவர் பதினேழு ஆண்டுகள் நம் ஒப்பந்த நிறுவனத்தில் தோண்டும் வேலையின்போது தரையில் நின்று இயந்திரத்துக்குக் கைகாட்டுபவராக இருந்தார். பூமிக்குள் எங்கே மின்கேபிள் ஓடுகிறது, எங்கே தண்ணீர்க் குழாய் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. வரைபடங்களும் அனுமதிக் கடிதங்களும் அடிவாரத்து அலுவலகத்தில் என் பொறுப்பு.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே வரைபடத்தை விரித்துவைத்து, இங்கே கேபிள் இல்லை, தோண்டலாம் என்றேன். அவர் கடப்பாரையை எடுத்தார்.

"பேப்பருல இல்லீங்க அம்மிணி, மண்ணுல இருக்குதான்னு பாக்கோணும். பொக்லைனுக்குக் கண்ணு கெடையாது. மொதல்ல ரெண்டடி கையில தோண்டிப் பாத்துட்டு, அப்பறம் பக்கெட்டுப் பல்லை வெக்கச் சொல்லுங்க."

ஒவ்வொரு இடத்திலும் அப்படித்தான் சிறு குழி தோண்டிப் பார்ப்பார். கேபிளுக்கு மேல் பரப்பும் செங்கல் வருகிறதா, அதன்கீழ் மணல் வருகிறதா என்று விரலால் தடவுவார். செங்கல் வந்தால் அடியில் கேபிள். "அண்ணன் பூமிக்கு ஊசி போடறாருடா, வலிக்காமப் போடுங்கண்ணா" என்று பையன்கள் கேலி செய்வார்கள். "ஊசி போட்டாத்தாண்டா உன் பொண்டாட்டி தாலியோட இருப்பா" என்பார்.

மலையில் கேபிள் புதைத்த வழியெங்கும் அடையாளத்துக்கு சிமென்ட் தூண்கள் நட்டோம். ஒரு மழைக்காலம் கழிவதற்குள் பாதித் தூண்களைக் காணோம். நல்ல வழவழப்பான தூண்கள். துணி துவைக்கவும் ஆடு கட்டவும் எடுத்துப் போய்விட்டார்கள். இரண்டு முறை திரும்ப நட்டோம். மூன்றாம் முறை நடவேண்டிய ஒன்பது இடங்களில் சடையப்பன் தூண் நடவில்லை. ஆற்றிலிருந்து நீளமான கற்களைக் கொண்டுவந்து நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துவிட்டு வந்தார். ஒன்பதில் ஒன்றுகூட அதன்பின் காணாமல் போகவில்லை.

சாலை வளைவில் நட்ட கல்லுக்கு மட்டும் யோகம் அடித்தது. யாரோ வேல் குத்தினார்கள். யாரோ மணி கட்டினார்கள். தகரக்கூரை வந்தது, பூசாரி வந்தார், வளைவுக் கருப்பன் என்று பெயரும் வந்தது.

பிறகு ஒரு வேலைக்காக அதன் பக்கத்தில் அவர் கடப்பாரையை ஊன்றியபோது பூசாரி ஓடிவந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"சாமி காலடியில கடப்பாரை போடறியே, உனக்கு மூளை இருக்குதா?"

"ஏனுங்க, இது நான் நட்ட கல்லுங்க. அடியில கேபிளு ஓடுது."

"நீ நட்டியா? நீ நட்டியா சாமிய?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. அவரைத் தலையில் தண்ணீர் ஊற்றி, ஈரவேட்டியோடு ரோட்டில் விழுந்து கும்பிடவைத்தார்கள். ஒருமுறை போதாது என்று மூன்று முறை. அவருக்கு அப்போதே முழங்கால் வலி. எழுந்திருக்கத் தடுமாறியபோது சிலர் சிரித்தார்கள். நான் அவருக்காகப் பேசவில்லை. "விட்டுடுங்கண்ணா, நமக்கு வேலை ஆகணும்" என்று அவரிடம்தான் சொன்னேன்.

திரும்பும் வழியில் செம்மேட்டு டீக்கடையில் அவரே சிரித்தார். "நானே நட்டு, நானே உழுந்து கும்பிட்டுப்புட்டேனுங்க அம்மிணி. போகட்டும், இனி அந்தக் கல்லை ஒருத்தனும் தொடமாட்டான். நான் செத்தாலும் கேபிளு பத்திரம்."

நானும் சிரித்தேன். அது சாமி மட்டுமல்ல, கேபிளின் அடையாளமும்கூட என்பது எங்கள் அலுவலகத்தில் எனக்குத் தெரியும் என்பதற்கு அந்தச் சிரிப்பே சாட்சி.

இந்த ஆண்டு அந்தச் சாலையை அகலப்படுத்தினார்கள். சடையப்பன் மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் வெளியூர் போயிருந்தார். பூசாரி ஒரு வெள்ளைத்தாளோடு அடிவாரத்துக்கு இறங்கி வந்தார்.

"வண்டிக்காரங்க சாமிய இடிச்சுப்புடுவாங்க அம்மிணி. பன்னண்டு அடி மலைப்பக்கமாத் தள்ளி வெச்சுக்கறோமுங்க. ஒரு கையெழுத்து."

அன்று மேசையில் பதினைந்து தாள்கள் இருந்தன. ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேளம் வைத்து, கிடா வெட்டி, முறையாகத்தான் நகர்த்தினார்கள். கூரை, வேல், மணி எல்லாம் அப்படியே போயின. அவர்களுக்கு நகர்ந்தது சாமி. அடையாளமும் நகர்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுவதற்குமுன், விடுப்பு முடிந்து திரும்பியிருந்த சடையப்பன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அம்மிணி, மரத்தையெல்லாம் வெட்டிப்புட்டாங்க, வளைவே மொட்டையாக் கெடக்குது. எடமே புடிபடலீங்க. நல்லவேளை, சாமி இருக்குது. கேபிளு அதுக்கு அடியில. நாங்க ரோட்டுப் பக்கமாத் தோண்டிக்கறோமுங்க."

"சரிங்கண்ணா" என்றேன். பதினைந்தில் ஒன்றாகப் போன அந்தத் தாள் என் நினைவுக்கு வரவில்லை.

வாழ்நாளில் அவர் கடப்பாரை ஊன்றிப் பார்க்காத ஒரே இடம் அதுதான். தான் நட்ட கல்லை அவர் நம்பினார்.

அதன்பின் நடந்ததை முருகேசன் சொன்னார். பள்ளத்தில் இறங்கி நின்று, பக்கெட் அள்ளிய மண்ணை இவர் மண்வெட்டியால் இழுத்துப் பார்த்திருக்கிறார். செங்கல் துண்டு ஒன்று வந்தது. அதைக் கையில் எடுத்தார்.

"எடுத்துட்டு, மேல சாமியத் திரும்பிப் பாத்தாருங்க மேடம். அவருக்குப் புரிஞ்சுருச்சுங்க. 'நிறுத்து, எறங்காதே'ன்னு கத்துனாரு. நான் நிறுத்தறதுக்குள்ள பல்லு எறங்கிருச்சுங்க."

பக்கெட் கேபிளைத் தொட்டால் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது அவர் எல்லோருக்கும் படித்துப் படித்துச் சொன்னது. முருகேசன் இறங்கவில்லை, பிழைத்தார். மின்சாரத்தை நிறுத்தும்வரை இருக்கையில் அமர்ந்தபடி, நான்கடித் தொலைவில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

களப்பணியாளர் கேபிளின் இடத்தைத் தவறாகக் காட்டியதே காரணம் என்று நம் நிறுவனம் அறிக்கை கொடுத்தது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். ஊரில் வேறு அறிக்கை. சாமியை நட்டேன் என்று சொன்ன வாய்க்குச் சாமி கூலி கொடுத்துவிட்டதாம். இப்போது வளைவுக் கருப்பனுக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டம் இரட்டிப்பு.

அவரை அடக்கம் செய்ய எடுக்கும்போது வெள்ளையம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்: "அம்மிணி, நீ படிச்ச புள்ள, சொல்லு. ஊடு பூரா இதத்தான் பேசுது. எங்கூட்டுக்காரரு தப்பாத்தான் காட்டுனாரா?"

நான் பேசாமல் நின்றேன். என் மௌனத்தை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

முப்பதாம் நாள் காரியத்துக்கு மலைக்குப் போனேன். கேபிளைச் சரிசெய்தவர்கள் அதன்மேல் புதிதாக ஒரு சிமென்ட் தூணை நட்டிருந்ததாகச் சொன்னார்கள். அங்கே குழிதான் இருந்தது. முதல் வீட்டின் பின்னால் ஒரு பெண் அந்தத் தூணில் போர்வையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். அதில் வரைந்திருந்த மண்டையோட்டின் மேல் சோப்பு நுரை வழிந்தது. "நல்ல கல்லுங்க, துணி கிழியறதில்ல" என்றார்.

நான் கையெழுத்திட்ட கடிதத்தின் நகலை நேற்று விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு என்ன நேரும் என்பது இந்தக் கட்டுரைக்குரியதல்ல. இங்கே எழுதவேண்டியது இரண்டு.

மலையில் இனி தோண்டப் போகிறவர்களுக்கு: கேபிள் வளைவுக் கருப்பனின் அடியில் இல்லை. அங்கிருந்து சாலைப் பக்கம் பன்னிரண்டு அடியில் இருக்கிறது. நான் எழுதியதையும் நம்பாதீர்கள். முதலில் இரண்டடி கையால் தோண்டிப் பாருங்கள்.

வெள்ளையம்மா அக்காவுக்கு: உங்கள் வீட்டுக்காரர் தப்பாகக் காட்டவில்லை. கல்லை நகர்த்த அனுமதி கொடுத்தது நான். அதை அவரிடம் சொல்லாமல் விட்டதும் நான்.

சடையண்ணா, அந்தச் செங்கல் துண்டை முருகேசன் எடுத்து வைத்திருந்தார். வாங்கி வந்துவிட்டேன். என் மேசைமேல், கையெழுத்துக்காகக் காத்திருக்கும் தாள்களின்மேல் இருக்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் அதைத் தூக்கவேண்டியிருக்கிறது. போய் வாருங்கள்.