மூடியில் அடைத்த சோப்பு

அந்தப் புல் வெட்டும் வண்டியில் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டலாம். பெங்களூரில் ஏதோ ஒரு கிளப்பில் கழித்துப் போட்டதை எங்கள் முதலாளி ஏலத்தில் எடுத்து, பாகலூர் பக்கம் இருந்த தன் தோட்ட பங்களாவுக்குக் கொண்டுவந்தார். அறுபதுகளின் கடைசி. நான் அங்கே ஸ்டோரில் இருந்தேன். எட்டாவது வரை படித்தவன். பெட்ரோல், மண்ணெண்ணெய், உரம், கயிறு எல்லாம் என் பொறுப்பு.

வண்டியை ஓட்டியவர் அஞ்செட்டிக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். யாரிடமும் சட்டென்று பேச வராத என்னிடம் அவராகவே வந்து பேசுவார். புல்வெளிச் சரிவில் வண்டி சாயும்போது, டாங்கி மூடியிலிருந்த ஊசித்துளை வழியாகப் பெட்ரோல் சிந்தி அவர் கால்சட்டையை நனைக்கும். "பெட்ரோல் பங்க்கு மாதிரி நாறறேன்னு பொஞ்சாதி கிட்டவே வர மாட்டேங்கறா தம்பி" என்று சிரிப்பார். பீடி பிடிக்கிறவர். எனக்கு அதைப் பார்த்தாலே பயம்.

அவர் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்த நாளில், பார் சோப்பைக் கொஞ்சம் நனைத்துப் பிசைந்து, மூடியின் உள்பக்கம் அந்தத் துளையில் வைத்து அழுத்திவிட்டேன். டாங்கி ஒழுகினால் லாரிக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். சொன்னால் எல்லார் முன்னாலும் என்னைப் புகழ்வாரே என்று கூச்சப்பட்டு, அவரிடம் சொல்லவில்லை.

அவர் திரும்பி வந்த நாளிலிருந்து வண்டி இருபது நிமிடம் நன்றாக ஓடும். பிறகு இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடும். அது இருமும்போதே பெட்ரோல் இருக்கிறதா என்று அவர் மூடியைத் திறந்து பார்ப்பார். மூடிவிட்டுக் கிளப்பினால் மறுபடி இருபது நிமிடம். பிளக்கைத் தேய்த்தார். காற்று வடிகட்டியைக் கழுவினார். ஓசூரிலிருந்து வந்த மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டினார். ஒன்றும் மாறவில்லை.

"எல்லாம் சுத்தமாத்தான் இருக்குது சார். பெட்ரோல்ல கிருஷ்ணாயிலு கலந்திருக்கும்" என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "உன் கேன்ல கலப்படம் இருக்கா?"

"இல்லைங்க."

அது உண்மைதான். ஆனால் என்னிடம் பெட்ரோலை வாங்கிப்போய் டாங்கியில் ஊற்றுவது அஞ்செட்டிக்காரர் வேலை.

"அப்ப நடுவுல கலந்தது யாருய்யா?" என்று மேனேஜர் பக்கத்தில் நின்ற அவரிடம் திரும்பினார்.

"என் புள்ளைங்க மேல சத்தியமா நான் தொடலைங்க. தம்பி, நீ சொல்லுப்பா, நான் அப்படிப்பட்டவனா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து கேனின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் புது ஆள் வந்தார். வண்டி அதே மாதிரி நின்றது. கேனோடு பக்கத்தில் நின்றிருந்த நான் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று டாங்கி காற்றை உள்ளே இழுத்தது. மூடியைப் புரட்டிப் பார்த்தேன். நான் வைத்த சோப்பு கல்லாக இறுகிக் கிடந்தது. அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போனால்தானே பெட்ரோல் கீழே இறங்கும். புது ஆளுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டையில் குத்தியிருந்த ஊக்கால் அதைச் சுரண்டி எடுத்தேன்.

"பழைய கலப்படம் கொஞ்சம் தங்கியிருக்கும்" என்று அவரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டது போக, அது நான் வாய் திறந்து சொன்ன பொய்.

சாயங்காலம்வரை வண்டி நிற்கவில்லை. "பாத்தியா, ஆள் போனதும் வண்டி சரியாயிடுச்சு" என்றார் மேனேஜர். தலையை ஆட்டினேன்.

அடுத்த வருஷம் ஓசூர் சந்தையில் அஞ்செட்டிக்காரரே என்னைப் பார்த்துக் கூப்பிட்டார். தலையில் சும்மாடு கட்டி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார்.

"வண்டி எப்படி ஓடுது தம்பி?"

"நல்லா ஓடுதுண்ணா."

"என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதா? பிளக்கா இருக்குமோன்னு இன்னும் நெனச்சுக்கிட்டே இருக்கேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. "தெரியலைண்ணா" என்றேன்.

"தெரிஞ்சா சொல்லு, என்ன" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மூட்டைக்குத் தலையைக் கொடுத்தார்.