காலமானார் என்றொரு திருத்தம்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் எங்களுக்குப் பாத்திரக் கடை இருக்கிறது. மதியத் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தால் சாயங்காலத் தொழுகை வரைக்கும் கடையில் ஈ, காக்கை வராது. அந்த நேரத்தில் கல்லாவில் இருந்தபடியே, யாரும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதுவது என் பழக்கம். ஏரிகள், பழைய சினிமாக் கொட்டகைகள், நாடகக் கம்பெனிகள் என்று எனக்குப் பிடித்ததை எழுதுவேன். அங்கே என் பக்கத்தில் பெயரைப் போடவில்லை. ‘கள்ளக்குறிச்சியில் பாத்திரக் கடை வைத்திருப்பவன்’ என்று மட்டும் பெருமையாக எழுதி வைத்திருந்தேன்.

அப்படி எழுதியதில் ஒன்று ஒரு நாடக மேடைப் பாடகியைப் பற்றியது. என் சின்ன வயதில் எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் அவர் பாடுகிறார் என்றால் நைனார்பாளையத்திலிருந்தெல்லாம் டிராக்டர் கட்டிக்கொண்டு வருவார்கள். பிறகு ஒரு கட்டத்தில் அவரை எந்த மேடையிலும் காணவில்லை. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய நாடக நோட்டீஸ்கள், ஒரு கேசட் அட்டை, ஒரு கோயில் விழா மலர் இவற்றை வைத்துக் கட்டுரையை எழுதினேன். கேசட் அட்டையில் இருந்த படத்தையும் சேர்த்தேன். ‘பின்னர் மேடையை விட்டு விலகினார்’ என்று முடித்தேன்.

வெகுநாள் அதை யாரும் தொடவில்லை. திடீரென்று ஒரு நாள், கணக்கு இல்லாத யாரோ ஒருவர் கடைசி வரியை மாற்றியிருந்தார். ‘அவர் காலமானார்.’ அவ்வளவுதான். எப்போது, எங்கே, எதுவும் இல்லை. சான்று இல்லை என்று குறிப்பெழுதி பழையபடி ஆக்கினேன். அடுத்த வாரம் மறுபடியும் ‘காலமானார்’. நான் மாற்ற, அவர் மாற்ற, இப்படியே போனது.

எனக்கு ஆதரவாக ஒருவர் வந்தார். புதிதாகக் கணக்குத் தொடங்கியவர். “அம்மையார் உயிருடன் இருக்கிறார். பொய்ச் செய்தியை அனுமதிக்கக் கூடாது” என்று உரையாடல் பக்கத்தில் மரியாதையாக எழுதினார். எனக்குத் தெம்பாக இருந்தது. அவரே கட்டுரையில் கணவர் பெயரைச் சேர்த்தார். அந்தப் பெயர் நான் அறிந்ததுதான். நாடகக் கம்பெனியின் முதலாளி. சேர்த்த அன்றே அந்த வரியைக் கணக்கில்லாதவர் நீக்கினார். இவர் மறுபடி சேர்த்தார். நிர்வாகி ஒருவர் வந்து மூன்று பேரையும் கண்டித்தார். எதுவானாலும் பேசித் தீர்த்துவிட்டு மாற்றுங்கள் என்றார்.

பேச ஆரம்பித்ததும் புதியவர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மையார் தற்போது வசிக்கும் ஊர் எது? வாழ்க்கை வரலாறு என்றால் அது வேண்டாமா? அறிந்தவர்கள் சேர்க்கலாமே? புதியவருடைய மற்ற பங்களிப்புகள் என்னவென்று பார்த்தேன். ஒன்றுமில்லை. இந்த ஒரு கட்டுரைக்காகவே கணக்குத் தொடங்கியிருக்கிறார். அப்போதுதான் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. மூங்கில்துறைப்பட்டு விழாவில் பாடகி பாதியில் பாட்டை நிறுத்திவிட்டுப் போனதாக மறு வருடத்து விழா மலரைப் பார்த்து எழுதியிருந்தேன். கணக்கில்லாதவர் வழக்கம்போல ‘காலமானார்’ என்று போட்டுவிட்டு, இந்த வரியையும் திருத்தியிருந்தார். ‘பாதியில் நிறுத்தவில்லை. விடியும் வரை பாடினார்.’

ஒருவரைச் சாகடிக்க வந்தவர் இதை எதற்குத் திருத்த வேண்டும்? ‘நீங்கள் யார்? உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டேன். ‘தெரியும். விட்டுவிடுங்கள்’ என்று பதில் வந்தது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் கடை வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் இறங்கி வந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார். நல்ல உயரம். அலமாரியில் இருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து விரல் முட்டியால் தட்டி, காதருகில் வைத்துக் கேட்டார்.

“சத்தம் சுத்தமா இருக்குது. கம்ப்யூட்டர்ல எழுதுற பாய் நீங்கதானே?”

“நீங்க யாருங்க?”

“தெனமும் உங்ககூட பேசிக்கினுதானே இருக்கேன். நான் அவங்க வூட்டுக்காரன்.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எந்த ஊர்ல கீறான்னு மட்டும் போட்டுடுங்க பாய். ஒரே ஒரு வாட்டி பாத்துட்டு வந்துடுவேன்.”

“எனக்குத் தெரியாதுங்க.”

“இப்ப தெரியாது. கட்டுரை இருந்துச்சின்னா எவனாவது ஒருத்தன் வந்து எழுதுவான். அதுக்குத்தான் காத்துக்கினு இருக்கேன்.” எழுந்தார். சொம்பை இருந்த இடத்திலேயே வைத்தார். “உங்க பொண்ணு காலேஜ் பஸ் ஏறுறப்ப பாத்தேன். அப்படியே உங்க ஜாடை.”

கார் போன பிறகு உள்ளே இருந்து மனைவி வந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். “அந்த ஆளு சிரிச்சிக்கினே பேசுனாரு பாத்தீங்களா?” என்றாள். மறுநாளிலிருந்து மகளைக் கல்லூரிக்கு நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.

அதற்கு அடுத்து ஒரு சந்தை நாள். முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்ட ஒரு பெண்மணி வந்து, சின்னதாகச் சோத்துக் குண்டான் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையால்தான் வாங்கினார். கடையில் இருந்த மற்றவர்கள் போகும்வரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் செத்துட்டேன்னு போட்டா உங்களுக்கு இன்னா பாய் கஷ்டம்?”

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. வயதாகியும் அந்தக் குரல் மாறவில்லை. நான் எழுந்து நின்றேன். அவர் உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

“மலையில பக்கத்து வூட்டுப் பொண்ணு போன்ல காட்டுச்சி. என் போட்டோவப் பாத்ததும் ஒடம்பே ஆடிப்போச்சி. அந்தப் பொண்ணு போன்லதான் நான் எழுதச் சொன்னேன். செத்துட்டேன்னு தெரிஞ்சா தேடறத வுட்டுடுவான்னு நெனச்சேன். நீங்க வுட மாட்றீங்களே.”

“அவரு இங்க வந்தாரும்மா.”

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. புடவைத் தலைப்பில் இருந்து இடது கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். நடுவில் இரண்டு விரல்கள் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

“மூங்கில்துறைப்பட்டுல மேடை ஏறுறதுக்கு முன்னாடி கதவுல வச்சி நசுக்குனான். யாரோ ஒருத்தர் மாலை போட வந்தாரு, நான் சிரிச்சிட்டேனாம். அன்னைக்கும் பாடினேன் பாய். விடியற வரைக்கும் பாடிட்டு, அப்படியே மொத பஸ்ஸப் புடிச்சி மலை ஏறிட்டேன்.”

“சாவை எழுதுனீங்க சரி. அந்த வரிய ஏம்மா திருத்துனீங்க? நீங்கதான்னு அவருக்குத் தெரிஞ்சிடுமே.”

“செத்துட்டேன்னு எவன் வேணா சொல்லட்டும். பாடலன்னு எழுதக் கூடாது.”

குண்டானை மடியில் அணைத்துக்கொண்டு கூட்டத்தோடு கலந்து போய்விட்டார்.

அவர் இறந்ததாக எழுத முடியாது. சான்றில்லாமல் நிர்வாகிகள் விடமாட்டார்கள். அந்த ஆளும் நம்பமாட்டார். ஒரே வழிதான் இருந்தது. கட்டுரையையே நீக்கக் கோரி வேண்டுகோள் வைத்தேன். ‘பரவலாக அறியப்படாதவர். திருவிழா நோட்டீஸ்களைச் சான்றாகக் கொள்ள முடியாது. கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை பெறும் தகுதி இவருக்கு இல்லை.’ இதை என் கையால் தட்டச்சு செய்தேன். கணவர் எதிர்த்து எழுதினார். அந்தக் குரலின் இனிமை, அவர் ஏற்ற வேடங்கள், கூட்டம் திரண்ட ஊர்கள் என்று பக்கம் பக்கமாகப் புகழ்ந்திருந்தார். யார் படித்தாலும் மனம் கரையும். ‘முதலில் எழுதியவர் நீங்கள்தானே?’ என்று நிர்வாகி என்னைக் கேட்டார். ‘அப்போது விவரம் தெரியாமல் எழுதிவிட்டேன்’ என்றேன். கட்டுரை நீக்கப்பட்டது.

சில வாரங்கள் நிம்மதியாகப் போயின. பிறகு ஒரு மத்தியானம் பார்த்தபோது அதே பெயரில் புதிய கட்டுரை ஒன்று இருந்தது. நாலே வரி. கடைசி வரி: ‘தற்போது கல்வராயன் மலையில் கரியாலூர் அருகே வசித்து வருகிறார்.’ யார் சொன்னார்களோ, சந்தை நாளில் யார் பார்த்தார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. கரியாலூர் என்று நான் இங்கே வெளிப்படையாக எழுத ஒரே காரணம்தான். யாரிடமிருந்து மறைக்க வேண்டுமோ அந்த ஆளுக்கே அது தெரிந்துவிட்டது.

கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மலைக்குப் பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது பின்னால் வந்த ஒவ்வொரு காரையும் திரும்பிப் பார்த்தேன். இறங்கி, அந்தம்மா சொன்ன, போன் வைத்திருக்கும் பெண்ணின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. வாசலில் துணி காயவில்லை. கோழிகள் மட்டும் திரிந்தன. அந்தப் பெண்ணின் அம்மா முறத்தோடு வெளியே வந்தார்.

“அந்த வூட்டம்மா எங்கீங்க?”

“இல்ல.”

“எப்ப போனாங்க?”

“நீங்க இன்னாத்துக்குக் கேக்குறீங்க?”

“தெரிஞ்சவங்கம்மா. கள்ளக்குறிச்சில பாத்திரக் கடை.”

“கார்ல வந்தவரும் தெரிஞ்சவங்கன்னுதான் சொன்னாரு.”

“அவரு வந்தப்ப அந்தம்மா இங்க இருந்தாங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கும் அந்தக் காரில் வந்தவருக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முன்பே இறங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் கடை வாசலில் அதே கார் வந்து நின்றது. பெரியவர் இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

“இன்னா பாய், அவளப் பத்தி எதனா தெரிஞ்சுதா?”

இல்லை என்று தலையாட்டினேன். கார் போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கேட்கிறார் என்றால் அந்தம்மா இன்னும் அவர் கையில் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் மாதம் ஒரு முறையாவது வந்து கேட்டுவிட்டுப் போவார். மனைவி அந்தக் காரைக் கண்டாலே உள்ளே போய்விடுவாள். எனக்கு மட்டும் அவர் வந்தால் ஒரு நிம்மதி. இப்படி ஒரு மனிதரை எதிர்பார்த்துக் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

போன மாதம் அவர் வரவில்லை. இந்த மாதமும் இன்னும் காணோம். வயசானவர்தானே, உடம்புக்கு முடியாமல் இருக்கும் என்கிறாள் மனைவி. இருக்கலாம்.