எல்லா டின்னும் சுத்தம்

உயிரியல் பட்டம் வாங்கிய கையோடு எல்ஸிக்கு வேலையும் கிடைத்தது. "எம்பொண்ணு யுனிவர்சிட்டியில வேல பாக்குறா" என்று அப்பா அந்தோணிமுத்து மலேசியாவின் ஈப்போ நகர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்ன வேலை என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். பல்கலைக்கழகத்தின் சமூகத் தொண்டுப் பிரிவு அவளை அனுப்பியது, பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய் மலம் வாங்கி, புழு இருக்கிறதா என்று பார்க்க. எழுபத்தெட்டாம் வருஷத்திலும் அங்கே பலர் வெறுங்காலோடுதான் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போனார்கள். கொக்கிப்புழு கால் வழியே ஏறி, வயிற்றில் தங்கி, ரத்தத்தைக் குடிக்கும்.

ஒரு லயத்தில் வீட்டுக்கு ஒருவர் பேர் எழுதிய மூடிபோட்ட டின் கொடுத்தாள். "இத யாரு மிஸ்ஸி தொட்டுப் பாப்பாங்க?" என்று கேட்டாள் கருப்பம்மாள்.

"நான்தாம்மா."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் டின்களெல்லாம் வெளியே கழுவித் துடைத்த பளபளப்போடு வந்து சேர்ந்தன.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள், எதிலும் ஒரு புழு முட்டைகூட இல்லை. எல்லாம் ஒரே மஞ்சள். ஒரே கடைச் சாமான், ஒரே மாதிரிச் சமையல் என்று அவளே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். படித்தவளுக்குக் காரணமா கிடைக்காது! கருப்பம்மாளின் மருமகள் மங்களம் ஆறு மாதக் கர்ப்பிணி, சுண்ணாம்பாய் வெளுத்திருந்தாள். மூச்சு வாங்குது, மருந்து குடுங்க என்றாள். "ஒங்க வயித்துல ஒண்ணுமே இல்லக்கா, நல்லாச் சாப்பிடுங்க" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு வந்தாள் எல்ஸி.

அடுத்த மாதம் மங்களம் மரத்தடியில் சுருண்டு விழுந்தாள். எல்ஸி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். உடம்பில் ரத்தமே இல்லை, வயிறு நிறையக் கொக்கிப்புழு, பிள்ளை தங்கவில்லை என்றார் டாக்டர்.

"இருக்காது டாக்டர்! அவங்க டின்ன நானே பாத்தேன்."

வெளியே வந்ததும் கருப்பம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "அது அவளோடது இல்ல மிஸ்ஸி."

"பின்னே?"

"எம்மவளோட கைப்பிள்ளையோடது. எல்லா டின்னுலயும் அதான். படிச்ச பொண்ணு, எங்களோடதப் போயித் தொடுறதா? பாவம்லா. பால்குடிப் பிள்ளையோடதுன்னா அசிங்கமில்லன்னு..."

எல்ஸிக்குத் தலையில் இடி விழுந்தது. கோபப்பட நினைத்தாள், யார் மேல் படுவது? அவர்கள் வைத்த மரியாதை ஒரு பிள்ளையைக் கொன்றிருந்தது. மங்களத்தின் வெளுத்த முகத்தைக்கூடப் பார்க்காமல் சிரித்துவிட்டு வந்தவள் அவளேதான். திரும்பி உள்ளே, மங்களத்தின் கட்டில்வரை நடந்தாள்.

மங்களம் கண்ணைத் திறந்தாள். ஒட்டிப்போன வயிற்றின் மேல் இருந்த கையை எடுத்து, எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. இன்னொரு டின் இருந்தாக் குடுங்க. இந்தத் தடவ என்னோடதே தாரேன்."