ஒட்டி மூடிய கட்டம்

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. கடைக்காரர் ஒரு ஆப்பிளைக் கூடுதலாகப் போட்டால், அது அழுகலா என்றுதான் முதலில் பார்ப்பேன். எழுபதுகளின் தொடக்கத்தில், ஸ்டுட்கார்ட்டில் நான் வேலை பார்த்த சின்ன ஆங்கிலப் பள்ளிக்கு அமெரிக்கச் சரித்திரப் படக்கதைகள் பெட்டி நிறைய இலவசமாக வந்து இறங்கின. சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று நினைத்துக்கொண்டேன்.

கணவருக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. எனக்கு மதுரையில் வாங்கிய சரித்திரப் பட்டம். பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அமெரிக்கக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆண்டின் நடுவில் சரித்திர ஆசிரியை விலகிப் போக, தலைமையாசிரியை என்னைப் பிடித்துப் போட்டார். பாடப்புத்தகத்தைப் பிள்ளைகள் தொடவே இல்லை. "இதை வைத்து நடத்துங்கள்" என்று பெட்டியை என் பக்கம் தள்ளினார். யார் அனுப்பியது என்று கேட்டேன். "நல்ல மனிதர்கள்" என்றார். அந்தப் பதிலையும் நான் நம்பவில்லை.

பொம்மை போட்ட புத்தகத்தில் பாடமா? எங்கள் வீட்டில் படக்கதை என்பது பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கிற சமாச்சாரம். பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். நல்லவர்களுக்கெல்லாம் மழமழவென்று சவரம் செய்த தாடை. கெட்டவர்களுக்கெல்லாம் மூன்று நாள் தாடி. இப்படியா ஒரு தேசம் உண்டாகும்?

"ஏம்மா, போலீஸ்ல சேர்ந்துட்டியா? இவ்ளோ இன்ஸ்பெக்‌ஷன் பண்றே?" என்றார் கணவர்.

ஒரு புத்தகத்தில் அடிமைச் சந்தை வந்தது. மேடை மேல் விலங்கிட்ட ஒரு தாய். அவள் குழந்தையை ஒருவன் பிடித்து இழுக்கிறான். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இது எதற்கு? பயமுறுத்திப் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுக்கிற தந்திரம் என்று முடிவு கட்டினேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் வேண்டாத பக்கத்துக்கு என்ன செய்வார்களோ அதையே செய்தேன். மைதா மாவைக் கரைத்துப் பசை காய்ச்சி, பழுப்புத் தாளை அளவாக வெட்டி, இருபது பிரதியிலும் அந்தக் கட்டத்தை மூடினேன். பிசிறில்லாமல் ஒட்டியதில் பெருமை வேறு.

வகுப்பில் கறுப்பினப் பிள்ளை ஒருத்திதான். கடைசி வரிசை. கேட்டால் பதில் சொல்வாள், தானாகக் கை தூக்க மாட்டாள். மாலையில் அவளுடைய அப்பா ராணுவச் சீருடையோடு வாசலில் நிற்பார். நான் என்ன சொல்லிக் கொடுக்கிறேன் என்று வேவு பார்க்கிறாரோ என்றுகூட நினைத்திருக்கிறேன். பாவம், மகளை அழைத்துப் போக வந்தவர்.

அடுத்த வாரம் ஒரு பிரதியில் தாள் உரிந்திருந்தது. சுற்றிலும் ஈரம் காய்ந்த தடம். முன்வரிசைக் குறும்பன்தான் என்று அவனை எழுப்பி விசாரித்தேன். அவன் திருதிருவென்று விழித்தான். கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்தாள்.

"நான்தான் மிஸ். கைக்குட்டையை நனைச்சு எடுத்தேன்."

"எதுக்கு?"

"உள்ளே என்ன இருக்குன்னு பார்க்க. இந்தப் புத்தகம் முழுக்க எங்களை மாதிரி ஆளுங்க இந்த ஒரு கட்டத்துலதான் இருக்காங்க. அதைத்தான் மூடியிருக்கீங்க."

வாங்கிப் புரட்டினேன். உண்மைதான். அத்தனை கட்டங்களையும் சல்லடை போட்டுச் சலித்த எனக்கு இது கண்ணில் படவே இல்லை.

"பிள்ளைங்க பயந்துடுவாங்கன்னுதான்..."

"எந்தப் பிள்ளைங்க, மிஸ்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியை அனுப்பியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தவள் நான்.

அன்றே ஈரத் துணி கொடுத்து எல்லாப் பிரதிகளிலும் உரிக்கச் சொன்னேன். அந்தக் கட்டத்தை வைத்தே இரண்டு நாள் பாடம் நடத்தினேன். எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மிஸ்" என்றாள், மரியாதையாக. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆண்டுக் கடைசியில் தேர்வு வந்தது. கேள்வித்தாள்களைக் கொடுத்தேன். மற்றவர்கள் குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவள் மட்டும் தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பேனாவைத் திறந்தாள்.