கிராணி ஐயா வீட்டு வயர்லெஸ்

தேவி, மாலா, இதை உங்கள் இருவருக்குமாக எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றவன் உங்கள் அப்பா. பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

போன வாரம் தேவி போனில், "அப்பா, அந்தப் பழைய லேப்டாப்ப வீசிடுங்க லா, இடத்த அடைச்சிக்கிட்டு" என்றாள். வீசத்தான் எடுத்தேன். துணியால் துடைத்தபோது அதன் முன்விளிம்பிலிருந்து லேசாகச் சந்தன வாசம் வந்தது. உண்மையிலேயே வந்ததா, என் மூக்கு தானாக நினைத்துக்கொண்டதா, தெரியவில்லை. அதற்குப் பிறகு வீச மனம் வரவில்லை.

சந்தனம் என் வேலைதான். தேவி தாதியர் படிப்புக்கு மனுப் போட்ட வருட ஆயுத பூசையன்று கொழுந்து வெட்டும் கத்தரி, கவ்வாத்துக் கத்தி, என் மோட்டார் சைக்கிள், உங்கள் அம்மாவின் தையல் மெஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தேவியின் லேப்டாப் கடைசியில் இருந்தது. படிக்கிற பிள்ளையின் ஆயுதமாயிற்றே என்று அதற்கு மட்டும் தாராளமாக, முன்விளிம்பு நெடுக மூன்று பொட்டு.

அது நமக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். கீழ் லயத்து வரிசை வீடுகளில் முதல் வீட்டில் இருந்த கிராணி ஐயாவுடையது. தோட்டத்துக் கணக்கராக முப்பது வருடம் காலைப் பெரட்டில் எங்கள் பேரைக் கூப்பிட்டு ஏட்டில் எழுதியவர். நாங்கள் பனியில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்று, "ஹாடிர்" என்போம். மலாயில், வந்திருக்கிறேன் என்று சொல்வது. எனக்குச் சளி பிடித்திருந்தால், "இது யாருடா, தவளையா?" என்பார். அவர் காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவர் மகன், "தேவி படிக்கட்டும்ணே" என்று கொடுத்துவிட்டு, அம்மாவைக் கிள்ளானுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டைப் பூட்டினார்கள். தேவியும் அந்த வாரமே லேப்டாப்போடு விடுதிக்குப் போய்விட்டாள்.

அதைத் திறந்தால் திரையில் அவர் பேர் போட்டு 'வருக' என்று வரும். மாற்றத் தெரிந்த தேவி மாற்றவில்லை. உங்கள் அம்மா அந்த நேரத்தில் மட்டும் திரையைப் பார்க்கமாட்டாள்.

பூசைக்கு மறுநாளிலிருந்து, என் போனிலிருந்து லேப்டாப் எடுக்கிற வயர்லெஸ் பிடிக்கவில்லை. போனின் சின்னத் திரையில் படிவம் திறக்காது. தாதியர் படிப்புக்கான படிவம் அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போக வேண்டும். போகாவிட்டால் ஒரு வருடம் காத்திருக்கணும். ஒரு வருடம்தானே என்று காய்கறிக் கொட்டகையில் வேலைக்குப் போன பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டதைப் பார்த்தவன் நான்.

பிரிஞ்சாங் டவுன் போன் கடைப் பையனிடம் கொண்டுபோனேன். கடையில் கூட்டம். திறந்துகூடப் பார்க்காமல், "டிரைவர் போயிருக்கும் அங்கிள்" என்று ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். இயந்திரத்துக்குள் இருக்கும் உறுப்பை வேலை வாங்குகிற புரோகிராமாம் அது. கங்காணி மாதிரி என்று புரிந்துகொண்டேன். பழைய கங்காணியை நீக்கிப் புதிய கங்காணியைப் போட்டோம். அணைத்துத் திறந்தோம். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஆங்கிலத்தில் ஒரே வரி: வயர்லெஸ் அணைக்கப்பட்டுள்ளது. டிரைவர் செத்ததைத்தான் அப்படி மரியாதையாகச் சொல்கிறது என்று நானும் தேவியும் நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை விடியலிலிருந்து மழை. டவுன் ரோட்டில் மண் சரிந்து பாதை அடைபட்டது. பத்து மணிக்குப் போன் டவரும் போனது. மூன்று மணிக்குப் பள்ளத்திலிருந்து பனி ஏறி, கீழ் லயத்தை விழுங்கி, நம் சமையல்கட்டுக் கதவு வரை வந்து நின்றது. தேவி அழவில்லை. படிவத்துக்கு எடுத்து வைத்திருந்த சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பி வைத்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உங்கள் அம்மா கறிக்கு அரிந்த கத்தியோடு வந்து பார்த்தாள். "ஏங்க, இங்க ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு. அதுக்கு மேலயே சந்தனத்த அப்பி வச்சிருக்கீங்க."

காய்ந்து கல்லாகியிருந்தது. பொட்டு வைத்த என் விரலே அதைத் தள்ளி அணைத்திருக்கிறது. கத்தி முனையால் சுரண்டித் தள்ளினாள். பக்கத்தில் நீல விளக்கு எரிந்தது.

"அப்பா, டிரைவர மாத்துனதும் நீங்கதான், சுவிட்ச அணைச்சதும் நீங்கதான்!" என்று மாலா கைகொட்டினாள்.

எரிந்து என்ன பயன்? நம் வீட்டில் வயர்லெஸ் கிடையாது, போன் செத்துக் கிடந்தது. தேவி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். சமையல்கட்டுப் பின்கதவுக்குப் போனதும் நின்றாள்.

"அப்பா, ஏதோ கிடைச்சிருச்சு. தானா கனெக்ட் ஆவுது."

"யாரோடது?"

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். ஒரே ஒரு பேர். Hadir.

கிராணி ஐயா தம் வயர்லெஸுக்கு வைத்த பேர் அது. வாழ்நாளெல்லாம் கேட்ட வார்த்தை என்று சிரித்துக்கொண்டே எங்களிடம் சொல்லியிருக்கிறார். வீடு பூட்டி எட்டு மாதம். கடவுச்சொல்லைக்கூடக் கேட்கவில்லை. அவருடைய லேப்டாப், அவருடைய வீடு. தெரிந்தவர் வந்தால் கதவு திறப்பது போலத் திறந்துகொண்டது.

"அணைச்சிடுடி, வேணாம்" என்றாள் அம்மா, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு.

தேவி என்னைப் பார்த்தாள். "அனுப்புமா" என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரி இருந்தது. நாலே காலுக்குப் படிவம் போனது.

"இருட்டுறதுக்குள்ள வந்திருங்க" என்று அம்மா சொல்லச் சொல்ல நான் படியிறங்கினேன். நாற்பது படிதான். பனியில் என் கால் எனக்குத் தெரியவில்லை. கீழ் லயத்தில் ஆள் சத்தமே இல்லை, கூரைத் தகரத்தில் நீர் சொட்டுவது மட்டும். முதல் வீட்டின் உடைந்த சன்னல் வழியாகப் பார்த்தேன்.

உள்ளே சிவப்பு வெளிச்சம். சாமி மாடத்துச் சின்ன பல்பு. அதில் அவர் நாற்காலியும் ஆணியில் தொங்கிய தொப்பியும் தெரிந்தன. பனி சன்னல் வழியே நுழைந்து அறைக்குள் நின்றது. மேசைமேல் ஒரு பச்சைப் புள்ளி, வேலை அவசரத்தில் இருக்கிறவர் மாதிரி, விடாமல் துடித்தது. யாரோ அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றே என் உடம்பு நம்பியது. "ஐயா" என்று கூப்பிட வாய் திறந்தேன். சட்டென்று துடிப்பு நின்று, ஒரே சீராக எரிந்தது.

ஓடி வந்தேன். அப்பா பயந்தாங்கொள்ளி என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள். மேலே வந்தால், மாலா அந்த வயர்லெஸில் பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்து, அம்மாவிடம் அப்போதுதான் அடி வாங்கி நிறுத்தியிருந்தாள்.

டவர் வந்ததும் கிள்ளானுக்குப் போன் போட்டேன். "அம்மா சாமி வெளக்க அணைக்கக் கூடாதுன்னுட்டாங்கண்ணே. அதனால மெயின் சுவிட்ச எறக்கல. கம்பியில வர்ற அந்த வயர்லெஸ் பெட்டிய நிறுத்த மறந்தே போச்சு, பில்லும் பேங்குலேருந்து தானா போய்க்கிட்டு இருந்துச்சு" என்றார் மகன். விஷயம் அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று தெரிந்த பிறகும் அன்று இரவு நான் பின்கதவைத் திறக்கவில்லை.

இப்போது அங்கே கீழ் லயம் இல்லை. பூச்செடிக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரம் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பெரட்டுகூட இல்லை. கைப்பேசியில் விரல் வைத்தால் வேலைக்கு வந்த கணக்கு. யாரும் யார் பேரையும் கூப்பிடுவதில்லை.

உங்களிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. லயத்தை இடிப்பதற்கு முதல் நாள் கிராணி ஐயா மகன் சாவியை லாரியில் அனுப்பி, "அம்மாவுக்கு மனசு வரல, நீங்களே எறக்கிடுங்கண்ணே" என்றார். தேவி அப்போது ஈப்போவில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் போனேன். சாவி கையில் இருந்தும் கதவைத் தட்டினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திறந்தேன். செருப்பை வாசலில் கழற்றினேன். தேவி ஊசி போடப் பழகிவிட்டாள் என்று அந்த நாற்காலியிடம் சொன்னேன். பிறகு மெயின் சுவிட்சை இறக்கினேன்.