நசீர் நானா தூக்கி வைத்த லொறி

நசீர் நானா மௌத்தாகிவிட்டார் என்று மகன் ரிஸ்வான் போனில் சொன்னபோது, வெள்ளவத்தைக் கடையை அப்போதுதான் திறந்திருந்தேன். நித்திரையிலேயே போய்விட்டாராம். ஷட்டரை இழுத்து மூடிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

கராஜ்களில் வாகனம் தூக்கும் பழைய ஒயில் ஜெக்குகளை வாங்கி விற்பது என் தொழில். அவற்றைத் திருத்துவது நானாவின் தொழில். பெயர்த்தகடு விழுந்துபோன ஜெக்காக இருந்தாலும் அதன் சில்லையும் கைபிடி செருகும் துளையையும் பார்த்தே எந்த நாட்டுச் சாமான், எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவார். ஒயிலை முகர்ந்து, யாரோ பிரேக் ஒயில் ஊற்றி உள்ளே இருக்கும் ரப்பர் சீலை அழித்திருக்கிறார்கள் என்பார். பெருமைக்காரர். ஒருமுறை என் வாடிக்கையாளர் முன்னாலேயே, "இத முகத்துவாரத்துல குடுங்க தம்பி, வள்ளத்துக்கு நங்கூரமாப் போடுவாங்க" என்றார்.

ஆனால், தான் திருத்திய ஜெக்கை அவர் நம்பியதே இல்லை. தன் வீட்டு முற்றத்தில் நின்ற பழைய லொறியின் முன்பக்கத்தை அந்த ஜெக்கால் தூக்கி, அச்சுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளியில் மரக்கட்டைகளை அடுக்கி, நாட்கணக்கில் விட்டுவிடுவார். நான் அவசரப்படுத்தியபோது சொன்னார்: "இறங்குற ஜெக்கு சொல்லிட்டு இறங்கும் தம்பி. அசையாம நிக்கிதே, அதுக்குத்தான் எனக்குப் பயம்."

நான் போனபோதும் லொறி, அவர் கடைசியாகத் திருத்திய ஜெக்கின்மேல் தூக்கியபடியே நின்றது. மழை தூறியதால், வந்தவர்கள் செருப்புகளை அதற்கு அடியில் கழற்றி விட்டிருந்தார்கள். ஒரு பெரியவர் தலையை உள்ளே விட்டுத் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தார். அச்சுக்குக் கீழே பார்த்தேன். கட்டைகள் இல்லை. வந்தவர்கள் உட்காரப் போட்டு, சேற்றில் ஆடிய வாங்குகளுக்கு முட்டுக்கொடுக்க யாரோ நல்ல மனதோடு அவற்றை எடுத்திருந்தார்கள்.

பெரியவரைக் கையைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டு, கட்டைகளைத் திரும்ப வைக்கவேண்டும் என்று ரிஸ்வானிடம் மெதுவாகச் சொன்னேன்.

"வாப்பா செஞ்ச ஜெக், அண்ணன். அது விழுமா?"

"வாப்பாவே நம்பேல்லை, ரிஸ்வான்."

அடித்துவிடுவான் போலப் பார்த்தான். பிறகு அவனே போய் வாங்குகளில் இருந்தவர்களை எழுப்பினான். நீளக் கம்பியால் செருப்புகளை இழுத்தெடுத்து, கட்டைகளை உள்ளே தள்ளினோம்.

நானாவின் ஜனாஸாவைத் தோளில் ஏற்றி வாசலுக்குத் திரும்பும்போது, லொறி ஒரே அடியாய்க் கட்டைகளின்மேல் இறங்கியது. ரிஸ்வான் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

நானாவின் கை தளர்ந்திருந்ததா, சீல் பிழையா, தெரியாது. கடைசி மாதங்களில் அவர் திருத்தி நான் விற்ற மற்ற ஜெக்குகளும் அந்த லொறியின் கீழ் அசையாமல் நின்றவைதான். இப்போது அவற்றைத் தேடி இரத்மலானை வரை ஒவ்வொரு கராஜாக ஏறி இறங்குகிறேன். "நானா செய்தது, பயமில்லை" என்கிறார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சந்தேகம் ஒன்றைத்தான். அவர் திருத்திய ஜெக் உங்களிடம் இருந்தால், கட்டை வைக்காமல் குனியாதீர்கள்.