முகாஷ் போட்ட குழாய்கள்

அக்டோபரின் முதல் ஞாயிற்றுக்கிழமை, முகாஷும் மகள் சைகலும் வீட்டைச் சூடாக்கும் குழாய்களுக்குத் தண்ணீர் நிரப்பினார்கள். வருடா வருடம் செய்கிற வேலை. சைகல் பரணில் நின்று தொட்டியில் வாளி வாளியாக ஊற்றினாள். முகாஷ் முற்றத்தில், தொட்டி நிரம்பினால் தண்ணீர் வழியும் குழாய்க்குக் கீழே அண்ணாந்து நின்றார்.

“ஊத்து… இன்னும் ஊத்து… போதும்டி! என்னைக் குளிப்பாட்டவா பாக்குற?”

“வருஷத்துக்கு ஒரு தடவையாவது குளிங்கப்பா.”

அந்தக் குழாய்கள் அவர் கையால் போட்டவை. முகாஷ் தலைநகர் பிஷ்கெக்கின் பஸ் பணிமனையில் முப்பது வருடம் வெல்டர். ஊரின் அரசுக் கூட்டுப்பண்ணை கலைந்தபோது ஆளாளுக்கு மாடும் ஆடும் பிரித்துக்கொண்டார்கள். அவர் பண்ணையின் பழைய இரும்புக் குழாய்களைக் கேட்டு வாங்கி வந்தார். கொதிகலனையும் எட்டு மில்லிமீட்டர் தகட்டில் தானே செய்தார். குழாய்களுக்கு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் சரிவு. சூடான தண்ணீர் தானாக ஏறும், ஆறியதும் தானாக இறங்கும். பம்பு கிடையாது, மின்சாரம் வேண்டாம். மின்சாரமே இல்லாத அந்தக் குளிர்காலங்களில் தெரு முழுக்க நடுங்கியது. இந்த வீட்டில் மட்டும் ரொட்டி மாவு பொங்கியது. அதைச் சொல்லிச் சொல்லியே அவர் கிழவரானார்.

எரித்தது நிலக்கரி. கொதிகலன் நின்றது சமையலறை மூலையில். மனைவி புருலுக்கு ஆஸ்துமா. வீட்டுக்குள் கரி எரியவே கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் தெருவுக்கு எரிவாயுக் குழாய் வந்தது. நவம்பர் முடிவதற்குள் கையெழுத்துப் போடும் வீடுகளுக்கு இந்தக் குளிருக்கே இணைப்பு. மற்றவர்களுக்கு அடுத்த வருடம்.

சைகல் பெரிய கட்டடங்களுக்குச் சூடாக்கும் அமைப்புகளை வடிவமைக்கிற இன்ஜினியர். எரிவாயுக் கொதிகலனுக்கு அறை அறையாகக் கணக்குப் போட்டு எடுத்து வந்தாள்.

“கரண்ட் போனா உன் கேஸ் என்ன செய்யும்? படுத்துக்கும்.”

“கரண்டே வேண்டாத மாடல் இருக்குப்பா. உங்க குழாய் அப்படியே இருக்கும். கொதிகலனை மட்டும் மாத்தணும்.”

“மட்டுமா! உடம்பு இருக்கட்டும், தலையை மட்டும் வெட்டுறேங்கற.”

“என்னை மாத்திடுங்க, ரெண்டு பேருக்கும் நிம்மதி,” என்றாள் புருல் இருமிக்கொண்டே.

ஐந்து வாரம் இதே பேச்சு. எண்களைக் காட்டினால் எண் தப்பு என்றார். படத்தைக் காட்டினால் தகடு மெல்லிசு என்றார். ஊருக்கெல்லாம் வரைந்து கொடுக்கிறவளின் பேச்சு அப்பாவிடம் மட்டும் எடுபடவில்லை.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு முறை மருந்தை உறிஞ்சியும் புருலுக்கு மூச்சு வரவில்லை. பனியில் கதவைத் திறந்துகொண்டு வாசலில் போய் நின்றாள். முகாஷ் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திங்கக்கிழமை போய்க் கையெழுத்துப் போடுறேன்,” என்றார் மகளிடம். “வாயைத் திறக்காத.”

“நாளைக்கே…”

“சனிக்கிழமை ஆபீஸ் கிடையாது, இன்ஜினியரம்மா.”

ஞாயிறு காலை கரி அள்ளக் கொட்டகைக்குப் போனவர் அங்கேயே விழுந்தார். மாரடைப்பு.

முற்றத்தில் துக்கத்துக்கான கம்பளிக் கூடாரம் எழும்பியது. உள்ளே அப்பாவின் உடல். சைகல் வழக்கப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொன்னாள். அடக்கம் முடியும்வரை மகள் எழக் கூடாது. வீடு முழுக்க உறவு. குதிரை அறுத்துச் சமைத்து, மலை மலையாகப் பாத்திரம். தாழ்வாரத்தைச் சூடாக்கும் ரேடியேட்டரில் புருலுக்காக முகாஷ் ஒரு திருகுகுழாய் வைத்திருந்தார். ஒரு குவளை வெந்நீர் பிடிக்கத்தான் அது. அத்தைமார்கள் அன்று முழுவதும் அதில்தான் பாத்திரம் கழுவினார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து சம்மட்டி அடிப்பது போல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. சைகலுக்குப் புரிந்துவிட்டது. பாத்திரம் கழுவியே தொட்டி வற்றிவிட்டது, குழாயில் காற்று, தண்ணீர் ஓடவில்லை, கொதிகலன் கொதிக்கிறது. அவள் எழுந்தாள்.

“உக்காருடி! ஊர் என்ன சொல்லும்?” என்று கையைப் பிடித்தாள் கலிப்பா அத்தை.

“வெடிச்சா ஊரே இருக்காது அத்தை. விடுங்க!”

உள்ளே, ரேடியேட்டர்கள் ஆறிப்போயின என்று சித்தப்பா இன்னும் கரி போட்டுக்கொண்டிருந்தார்.

“குளிருதும்மா, அதான்…”

“எல்லாரும் வெளியே போங்க சித்தப்பா!”

கனலை வாளியில் வாரி வெளியே கொட்டினாள். சூடான இரும்பில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, பரணில் ஏறி ஊற்றினாள். எப்போது நிறுத்துவது என்று சொல்ல முற்றத்தில் யாரும் நிற்கவில்லை. வழிகுழாயிலிருந்து கொட்டி, கூடாரத்துக்கு வந்தவர்கள் நனைந்த பிறகுதான் தெரிந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்பா மேல்தான் அதிகம்.

அடுத்த வாரம் எரிவாயு அலுவலகத்துக்குப் போனாள். புருல் வருடத் திவசம் முடியாமல் இந்த வீட்டை விட்டு வேறெங்கும் தங்க வரமாட்டேன் என்றுவிட்டாள்.

“வீடு யார் பேர்ல இருக்கோ அவங்க வரணும்,” என்றாள் மேசைக்குப் பின்னாலிருந்த பெண்.

“இறந்துட்டார்.”

“அய்யோ… அப்ப வாரிசுப் பத்திரம் வேணும்க்கா. அதுக்கு ஆறு மாசம்.”

“லிஸ்ட் இந்த மாசத்தோட முடியுது.”

“ஆமாக்கா, முடியுது.”

“அம்மாவுக்கு மூச்சுத் திணறல். அவர் போன திங்கக்கிழமை இங்க வர்றதா இருந்தார்.”

அந்தப் பெண் பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். தெருவில் எல்லா வீடும் இருந்தது. அவர்கள் வீட்டின் பதினெட்டாம் எண்ணுக்கு எதிரே அப்பாவின் பெயரை அச்சிட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டத்தில் கையெழுத்து இல்லை.